பூலாம்பாடிக்கு ஒரு போஸ்டர்

மாசத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மட்டும் ராஜதுரை முகம் வழித்துக்கொள்வார். மற்ற நாளெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவார். அன்றைக்கு மட்டும் காலையிலேயே குளித்து, வெள்ளைச் சட்டை போட்டு, அரை லிட்டர் பால் பாக்கெட் ஒன்று வாங்கி வைத்துவிட்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். எல்லாம் ஒரே ஒரு ஆளுக்காக. சொந்தமா பந்தமா? ஒன்றும் கிடையாது. அவரால் குடும்பம் நாசமாய்ப் போன ஒரு பொம்பளை. அவளைத் தவிர அந்த வீட்டுப் படி ஏற இந்த உலகத்தில் வேறு ஆள் இல்லை.

அரியலூர் ஸ்டேஷன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில்தான் வீடு. சிமெண்டு லாரி போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிரும். இன்றைக்கு அந்தச் சந்தில் இருக்கிற பிள்ளைகளுக்கு அவர் யாரென்றே தெரியாது. ‘ஒண்டி தாத்தா’ என்று பேர் வைத்திருக்கிறார்கள். அட, ஒரு காலத்தில் அவர் மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் தாலுகா ஆபீஸில் ஆளாளுக்குப் பாத்ரூம் பக்கம் நழுவுவார்கள். பெரம்பலூர், அரியலூர் இரண்டு ஊரிலும் ‘அந்திப்பொறி’ பேப்பர் ராஜதுரை என்றால் அப்படி ஒரு பேர். நல்ல பேர் என்று சொல்லவில்லை. பேர்.

ரஞ்சன்குடிக் கோட்டைக்குக் கீழே கூலிக்காரர் வீட்டில் பிறந்தவர். பதினேழு வயதில் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பேப்பர் கடைகளுக்கு போஸ்டர் மாட்டும் வேலைக்கு வந்தார். கடை முன்னால் கயிறு கட்டி, கிளிப் போட்டுத் தொங்கவிடுவார்களே, அன்றைய தலைப்புச் செய்தியைப் பெரிசாகப் போட்டு, அந்த போஸ்டர்தான். மாட்டிவிட்டு அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பார். எந்த போஸ்டருக்கு ஜனம் நிற்கிறது, எதற்கு நிற்காமல் போகிறது என்று பார்ப்பார். அணை திறந்தால் இரண்டு பேர் நிற்பார்கள். அடுத்தவன் வீட்டுக் கதவு திறந்தால் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்பார்கள். பேப்பரை வாங்கிப் படிக்கிறவன் நூறு பேர் என்றால், போஸ்டரை மட்டும் படித்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சொல்கிறவன் பத்தாயிரம் பேர். இந்தப் பாடத்தை அவருக்கு எந்தக் காலேஜும் சொல்லித் தரவில்லை.

அறிவரசன் என்று ஒரு ரைஸ்மில் முதலாளி. அவர் ‘அந்திப்பொறி’யை ஆரம்பித்தபோது ராஜதுரைக்கு முப்பத்து மூன்று வயது. ஆசிரியர் நாற்காலியைத் தூக்கிக் கொடுத்தார். முப்பத்தோரு வருஷம் ராஜதுரை அதில் உட்கார்ந்தார். பேப்பர் பேர் மட்டும் மேலே சிவப்பில் அச்சடித்த வெள்ளைத் தாள் கட்டுக்கட்டாய் வரும். கீழே தலைப்பை பிரஷ்ஷால் எழுதுவது அவர் ஒருத்தர்தான். அவர் எழுதிக் கொடுப்பதைப் பார்த்து மற்றவர்கள் நகல் எழுதுவார்கள். பேருக்குப் பக்கத்தில் வளைவு போட்டு வயசு எழுதுவார். முப்பத்து மூன்று, இருபத்து நாலு என்று வயசைப் பார்த்ததும் ஜனத்துக்கு ஆள் கண் முன்னால் வந்து நிற்கும். கடைசியில் ஒரு கேள்விக்குறி. அதைப் போட்டுவிட்டால் ஒரு வக்கீலும் ஒன்றும் பண்ண முடியாது என்பார்.

அடி வாங்கியிருக்கிறார். ஒரு தடவை மூஞ்சியில் சாணியைக் கரைத்து ஊற்றினார்கள். அதையும் மறுநாள் போஸ்டராகப் போட்டார், மனுஷன்! ‘பத்திரிகைக்கு மாமன் மச்சான் கிடையாது’ என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தார். அதைச் செய்தும் காட்டினார். அவர் சம்சாரம் பூங்காவனத்தின் தம்பி அசோக் சர்வேயராக இருந்தான். லஞ்ச வழக்கில் அவனைப் பிடித்தார்கள். ஊரில் எந்தப் பேப்பரும் போடுவதற்கு முன்னால், மச்சான் பேரையும் வயசையும் பெரிசாக எழுதி, அவன் வீட்டுத் தெருமுனையிலேயே தொங்கவிட்டார் ராஜதுரை. அன்று சாயங்காலம் பூங்காவனம் பெட்டியைக் கட்டினாள். “ஊர்ல ஒரு வூட்டயும் விடல, கடைசியா எங்க வூடு. இனி இந்த வூட்டுல எழுதறதுக்கு மிச்சம் நான் ஒருத்திதான். நான் போயிடுறேன்,” என்று சொல்லிவிட்டு ஓசூரில் இருக்கிற மகன் கலைச்செல்வன் வீட்டுக்குப் போனாள். திரும்பி வரவில்லை. மகன் பொங்கலுக்குப் பொங்கல் போன் பண்ணுவான், இரண்டு நிமிஷம். ராஜதுரை அதைப் பற்றி அப்போது கவலைப்படவில்லை. அன்றைக்கு அவருக்கு பேப்பர் இருந்தது.

பூவிழியின் கதை அதற்கு அடுத்த வருஷம். 2013, ஜூலை மாசம், முதல் செவ்வாய்க்கிழமை.

அரியலூர் பக்கம் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்றில் ஒரு லாரி டிரைவரின் பிணம் மிதந்தது. அவன் போனில் கடைசியாகப் பேசிய நம்பர் பூலாம்பாடி பூவிழியுடையது. அவளுக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. புருஷன் சிங்கப்பூரில் கட்டட வேலை. ஒரே பெண் அபிநயா, எட்டு வயசு. இரண்டு ஏக்கரில் சின்ன வெங்காயம் போட்டிருந்தாள். போலீஸ் வந்து ஐந்து நிமிஷம் விசாரித்துவிட்டுப் போனது. அவ்வளவுதான். ராஜதுரைக்கு அது போதும். மத்தியானம் இரண்டு மணிக்கு பிரஷ்ஷை எடுத்தார்.

‘கல் குழியில் லாரி டிரைவர் பிணம்! பூலாம்பாடி பூவிழி (33)யுடன் கள்ளத்தொடர்பா?’

மூன்று மணிக்கு நிருபர் போன் பண்ணினான். வெங்காய மூட்டையை எப்போது ஏற்ற வருகிறாய் என்று கேட்கத்தான் அந்தப் பெண் டிரைவருக்குப் போன் பண்ணியிருக்கிறது, போலீஸே விட்டுவிட்டது, அவன் குடித்துவிட்டுக் கால் தவறி விழுந்திருக்கிறான், செய்தியை நிறுத்துங்கள் சார் என்றான். பஸ்ஸில் போஸ்டர் கட்டு ஏற இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. ராஜதுரை கடிகாரத்தைப் பார்த்தார். எழுதி முடித்த போஸ்டரைப் பார்த்தார். நல்ல போஸ்டர். “நாளைக்குப் பாத்துக்கலாம்யா,” என்று போனை வைத்தார்.

மூன்றாம் நாள் ஏழாம் பக்கத்தில், திரைப்பட விளம்பரத்துக்குக் கீழே, இரண்டு வரி வருத்தம் தெரிவித்தார்கள். அதை யார் படித்தார்கள்? பூலாம்பாடி பஸ் ஸ்டாப்பில் தமிழழகன் டீக்கடையில் தொங்கிய போஸ்டரைத்தான் ஊரே படித்தது. சிங்கப்பூருக்கும் அது போய்ச் சேர்ந்தது. புருஷன் பேச்சை நிறுத்தினான், வருகிறதையும் நிறுத்தினான்.

அடுத்த மாசம் முதல் செவ்வாய்க்கிழமை பூவிழி ஆபீஸுக்கு வந்தாள். அழவில்லை, சண்டை போடவில்லை.

“ஏழாம் பக்கத்துல போட்டீங்களாம். எங்க ஊர்ல ஏழாம் பக்கத்த யாரும் பாக்க மாட்டாங்க சார். போஸ்டர்ல போட்டீங்க, போஸ்டர்லயே மாத்திப் போடுங்க.”

“மறுப்புக்கெல்லாம் போஸ்டர் கெடையாதும்மா. அப்படி ஒரு வழக்கமே இல்ல.”

“சரிங்க சார். அடுத்த மாசம் வரேன்.”

வந்தாள். அதற்கு அடுத்த மாசமும் வந்தாள். இரண்டு பஸ் மாறி, பதினொன்றேகாலுக்கு வந்து, “போஸ்டர் எப்ப சார்?” என்று ஒரே கேள்வி. ஆபீஸ் பையன்கள் கேலி பண்ணினார்கள். ராஜதுரை ஆளை விட்டுத் துரத்திப் பார்த்தார். வெளியே வேப்பமரத்தடியில் நின்று, அவர் சாப்பாட்டுக்குக் கிளம்பும்போது கேட்டாள். ஒரு நாள் வெறுத்துப்போய், “உள்ள வந்து ஒக்காந்து தொலைம்மா,” என்று ஒரு டீ சொன்னார். அதிலிருந்து டீ வழக்கமாகிவிட்டது. ஒரு கேள்வி, ஒரு டீ, “பாப்போம்மா” என்று ஒரு பதில்.

2020இல் ஊரடங்கு வந்தது, ‘அந்திப்பொறி’ படுத்தது, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அறிவரசன் அச்சு மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டார். அதுவரைக்கும் ராஜதுரையின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. கட்சிக்காரன், காண்ட்ராக்டர், இன்ஸ்பெக்டர் எல்லாரும் ‘அண்ணே, அண்ணே’ என்பார்கள். ஒரே மாசத்தில் அத்தனையும் நின்றுபோச்சு. பயந்துகொண்டு பழகியவர்களுக்குப் பயம் போனதும் பழக்கமும் போய்விட்டது. ஒரு கல்யாணப் பத்திரிகைகூட வரவில்லை. ராஜதுரை தன் போனிலிருந்து தனக்கே மிஸ்டு கால் கொடுத்துப் பார்க்க முடியுமா என்று யோசித்த நாள் உண்டு. சிரிக்காதீர்கள். அப்படித்தான் இருந்தது.

பஸ் ஓட ஆரம்பித்த அந்த மாசம், முதல் செவ்வாய்க்கிழமை, வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். முகத்தில் மாஸ்க்கோடு, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து பூவிழி நின்றாள்.

“பேப்பரே இல்லயேம்மா இப்ப?” என்றார் ராஜதுரை.

“நீங்க இருக்கீங்கல்ல சார்,” என்றாள்.

அவள் சொன்னதற்கு அர்த்தம் என்னவென்று அவருக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் அந்த வார்த்தையை அவர் வேறு மாதிரி எடுத்து வைத்துக்கொண்டார். அவரே டீ போட்டார். முதல் டீ திரிந்துபோச்சு. அவள் எழுந்து போய்ப் பாத்திரத்தைக் கழுவி மறுபடி போட்டாள். அதிலிருந்து கிளம்பும்போது பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுத்தான் போவாள்.

நாலு வருஷம் அப்படி ஓடியது. பீரோவில் சிவப்புத் தலைப்பு அச்சடித்த வெற்றுத் தாள் ஒரு கட்டு மிச்சம் இருந்தது. பிரஷ் இருந்தது. எழுதுவதற்குக் கை இருந்தது. நாலு வருஷமாக அந்த போஸ்டரை எந்த நாளும் எழுதியிருக்கலாம். தடுப்பதற்கு முதலாளி இல்லை, விற்பனை இல்லை, ஒன்றும் இல்லை. எழுதிக் கொடுத்துவிட்டால் பூவிழி வரமாட்டாள். அதுதான் காரணம். வேறு மழுப்பல் வேண்டாம். ஒரு பொம்பளையின் பேரைக் கெடுத்ததும் போதாதென்று, தன் தனிமைக்குத் துணையாக அவள் வழக்கை இழுத்தடித்துக்கொண்டிருந்தார் அந்த மனுஷன். அது அவருக்கே தெரியும். தெரிந்துதான் முகம் வழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன வருஷம் ஜூலை, முதல் செவ்வாய்க்கிழமை. பூவிழி வந்தாள். உட்கார்ந்தாள். டீயைக் குடித்தாள். எழுந்தாள்.

“என்னம்மா, கேக்காம போறே?”

“என்ன சார் கேக்கறது?” என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “அபிநயாவுக்கு ஒரு எடம் வந்துச்சு. பையன் நல்ல பையன். டீக்கடையில வெசாரிச்சிருக்காங்க. அப்புறம் வரல. இப்ப வெள்ளிக்கெழம உடையார்பாளையத்துலேர்ந்து ஒரு எடம் வராங்க. அவங்களும் அதே பஸ் ஸ்டாப்புலதான எறங்கணும்? அதே டீக்கடையிலதான வெசாரிக்கணும்?”

“கடைக்காரன் என்ன சொல்லுவான்?”

“தப்பால்லாம் சொல்ல மாட்டாரு சார். ‘பழைய கதைங்க, நமக்கெதுக்கு’ன்னு சொல்லுவாரு. அது பத்தாதா?” செருப்பை மாட்டிக்கொண்டாள். “போயிட்டு வரேன் சார்.”

முதல் தடவையாக அவள் கேட்காமல் போனாள். பாத்திரமும் கழுவாமல் கிடந்தது, ராஜதுரை அதை எடுக்கவில்லை. அப்படியே உட்கார்ந்திருந்தார். அபிநயாவை அவர் பார்த்ததுகூட இல்லை. எட்டு வயதுக் குழந்தையாக இருந்தபோது அந்தத் தொங்கும் தாளுக்குக் கீழே நடந்துதானே பள்ளிக்கூடம் போயிருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலையில் பீரோவைத் திறந்தார். தாளை விரித்தார், மையைக் கலக்கினார்.

‘பூவிழி குறித்த செய்திக்கு வருந்துகிறோம்.’ எழுதிப் பார்த்தார். வருந்துகிறோம் என்றால் எவன்? பேப்பரே இல்லையே. கிழித்தார்.

‘பூவிழி குற்றமற்றவர்.’ இதைப் படித்தால் பூலாம்பாடியில் என்ன பேசுவார்கள்? ‘நடையா நடந்து, அழுது பொலம்பி எழுதி வாங்கிட்டு வந்திருக்கா’ என்பார்கள். ‘கெழவன் பாவம்னு எழுதிக் குடுத்திருக்கான்’ என்பார்கள். அதையும் கிழித்தார்.

‘தவறுதலாக வந்த செய்தி.’ தவறுதலாக எதுவும் வராது என்பது டீக்கடைக்குத் தெரியும். நெருப்பு இல்லாமலா என்று ஆரம்பிப்பான் ஒருத்தன்.

மத்தியானம் வரைக்கும் ஆறு தாள் போச்சு. பஸ் ஸ்டாண்டில் நின்று வேடிக்கை பார்த்த அந்தப் பதினேழு வயசு நினைவுக்கு வந்தது. ஜனம் எதற்கு நிற்கும்? ஒருத்தர் நல்லவர் என்று எழுதினால் நிற்காது, நம்பாது. ஒருத்தன் கெட்டவன் என்று எழுதினால் நிற்கும், நம்பும். பூவிழிமேல் ஒட்டிய அழுக்கு போகணும் என்றால் அதை யாராவது எடுத்துத் தன் மேல் பூசிக்கொள்ளணும். அதற்குத் தகுந்த ஆள் ஒருத்தன்தான் இருக்கிறான். அந்த மூன்று மணி போன் விஷயம் பூவிழிக்குத் தெரியாது. இத்தனை வருஷமும் அவர் ஏதோ அவசரத்தில் தப்புப் பண்ணிவிட்டார் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதனால்தான் டீ குடித்தாள். ‘தவறு’ என்று எழுதினால் ஒருவேளை மறுபடியும் வருவாள், சும்மாவாவது. இதை எழுதினால் வரவே மாட்டாள்.

ரொம்ப நேரம் பிரஷ் மையிலேயே கிடந்தது. அப்புறம் எடுத்து ஒரே மூச்சில் எழுதினார். அந்தக் காலத்து எழுத்து, அந்தக் காலத்து வேகம்.

‘11 ஆண்டுக்குப் பின் அம்பலம்! பூவிழி மீது தெரிந்தே பொய் எழுதினேன்! ஆசிரியர் ராஜதுரை (68) ஒப்புதல் வாக்குமூலம்.’

கேள்விக்குறி போடவில்லை. அதே மாதிரி பத்து எழுதினார். அவர் இதுவரைக்கும் எழுதியதில் உண்மையாகவே நல்ல போஸ்டர் அதுதான்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பிப் பெரம்பலூரில் மாறி, பூலாம்பாடியில் இறங்கினார். தமிழழகன் பாய்லருக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, “சார், நீங்களா? எதுக்கு சார் பழசக் கெளறிக்கிட்டு?” என்றான்.

“கயிறு எங்கய்யா?” என்றார் ராஜதுரை.

தானே கிளிப் போட்டு பத்தையும் வரிசையாக மாட்டினார். கை மறக்கவில்லை. இரண்டு பேர் நின்றார்கள். நாலு பேர் ஆனார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் பஸ்ஸை விட்டார்கள். ஆளாளுக்கு போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். ஒருத்தர் அவரைப் பார்த்து, “அடப் பாவி மனுசா, தெரிஞ்சேவாய்யா போட்டே? ஒன்ன நம்பித்தானய்யா நாங்க பேசினோம்!” என்று காறித் துப்பினார். பதினோரு வருஷம் வாய் ஓயாமல் பேசிய ஊர், ஒரு நிமிஷத்தில் கையைக் கழுவிக்கொண்டது. ராஜதுரை அதற்குத்தானே வந்தார்.

யாரோ ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். பூவிழி வெங்காயக் காட்டிலிருந்து கையில் மண்ணோடு வந்தாள். கூட்டம் வழி விட்டது. நின்று படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். முகம் மலர்ந்தது, பார்க்கவே நன்றாக இருந்தது. அப்புறம் ஒரு வார்த்தையில் கண் நின்றது.

“தெரிஞ்சேவா சார்?”

“தெரிஞ்சேதாம்மா. போஸ்டர் பஸ்ஸு ஏறதுக்கு முன்னாடியே போன் வந்துடுச்சு. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல.”

அவள் கையிலிருந்த மண்ணைத் தட்டினாள்.

“ஒங்க வூட்டுல வந்து டீ குடிச்சனே சார்,” என்றாள். “நாலு வருசமா ஒங்களுக்குப் பாத்திரம் கழுவி வச்சிட்டு வந்தனே.”

ராஜதுரை தலையைக் குனிந்துகொண்டார். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்.

பூவிழி தமிழழகன் பக்கம் திரும்பினாள். “அண்ணே, நாளைக்கு மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டுப் போற வரைக்கும் இத எடுக்காதீங்க.” ராஜதுரையிடம் அவள் கடைசியாகச் சொன்னது, “பெரம்பலூர் பஸ்ஸு இப்ப வரும். போங்க சார்.”

சனிக்கிழமை டீக்கடைக்கு போன் போட்டு விசாரித்தார். “பூ வச்சிட்டுப் போயிட்டாங்க சார்! ஆவணில கல்யாணம். பையனோட அப்பா போஸ்டர ரெண்டு தடவ படிச்சாரு. அப்புறம் எங்கிட்ட ஒண்ணுமே கேக்கல,” என்றான் தமிழழகன். ராஜதுரை போனை வைத்துவிட்டு, சந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு, வாய்விட்டு அழுதார். சந்தோஷமாகத்தான் அழ ஆரம்பித்தார்.

ஆகஸ்ட் மாசம், முதல் செவ்வாய்க்கிழமை. முகம் வழித்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டார். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போய் அரை லிட்டர் பால் வாங்கிவந்தார். பதினொன்றேகாலுக்குச் சந்து முனையில் போய் நின்றார். பெரம்பலூர் பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாரும் அவரைத் தாண்டிப் போனார்கள். ஒரு சின்னப் பெண், “ஒண்டி தாத்தா, யாரத் தேடுறீங்க?” என்று கேட்டது. “யாரும் இல்லம்மா,” என்றார்.

உள்ளே வந்து டீ போட்டார். திரியவில்லை. இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றை அவள் உட்காரும் நாற்காலிக்கு முன்னால் வைத்தார். யாரும் கேட்கவில்லை. இருந்தாலும் அவர் பதில் சொன்னார்.

“போட்டாச்சும்மா.”

ஆடை கட்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அந்த டீயையும் அவரே எடுத்துக் குடித்தார்.